கையை எடுத்துவிட்டு ஓட்டிய பிரபஞ்சம்

“ஒரே ஒரு தடவ, கைய எடுத்துட்டு ஓட்டிப் பாக்கணும் டாக்டர்.”

விஷ்ணுப்ரியா இதைச் சொன்னபோது முனைவர் சிவசம்புவின் வாயில் பாதி வடை இருந்தது. அவர் அதை மெல்லவும் இல்லை, துப்பவும் இல்லை. நிலையத்தின் இயக்குநர் வடையோடு உறைந்துபோய் உட்கார்ந்திருப்பதை அவள் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தாள்.

கேட்கக்கூடாது என்று அவளுக்கு முதல் நாளே சொல்லியிருந்தார்கள். பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேலே, மூன்றாம் மாடியில் இருக்கிறது கருந்துளை மூல ஆய்வு நிலையம். அங்கே நிர்வாகம் பார்க்கும் கனகேஸ்வரி அவளை உட்காரவைத்து, ஒரு மைலோவும் கொடுத்து, விதிகளை விளக்கியிருந்தார். “லீவு கேக்கலாம். கிளெய்ம் கேக்கலாம், கெடைக்காது, ஆனா கேக்கலாம். புது நாற்காலிகூடக் கேக்கலாம். கைய எடுக்கச் சொல்லி மட்டும் டாக்டர்கிட்ட கேட்டுறாத. ஒனக்கு முன்னாடி இருந்தவன் கேட்டான். இப்ப மேருவுல கையுற பேக்டரியில வேல பாக்குறான்.”

கை என்றால் என்ன என்று இங்கேயே சொல்லிவிடலாம். பெரிய விண்மீன் மண்டலங்களின் நடுவில் கோடிக்கணக்கான சூரியன்களின் எடையுள்ள கருந்துளைகள் உட்கார்ந்திருக்கின்றன. பிரபஞ்சம் பச்சைக் குழந்தையாக இருந்த காலத்திலேயே சில அந்தப் பருமனுக்கு வந்துவிட்டன. எப்படி வந்தன என்பது இன்னும் யாருக்கும் சரியாகத் தெரியாது. தெரிந்துகொள்வதற்காகக் கணினிக்குள் ஒரு பெட்டிப் பிரபஞ்சத்தைச் செய்து, வாயுவையும் கரும்பொருளையும் கொட்டி, ஈர்ப்பு விசையின் போக்கில் ஓட விடுவார்கள். பொருள் அங்கங்கே திரளும். ஒரு திரள் குறிப்பிட்ட எடையைத் தாண்டியதும் நிரலில் உள்ள ஒரு வரி விழித்துக்கொண்டு, அந்தத் திரளின் நடுவில் லட்சம் சூரியன் எடையில் ரெடிமேட் கருந்துளை ஒன்றை வைத்துவிடும். வைக்கப்படும் கருந்துளைக்கு விதை என்று பெயர்; வைக்கும் அந்த வரிதான் கை. விதை எங்கிருந்து வந்தது என்று பெட்டிக்குள் கேட்பார் கிடையாது.

உலகம் பூராவும் இப்படிச் செய்பவர்கள் உண்டு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கருந்துளை வந்த பிறகு மண்டலத்துக்கு என்ன ஆகிறது என்று பார்க்க அது போதும். ஆனால் செய்தவர்கள் ‘விதையை வைத்தது நாங்கள்தான்’ என்று கட்டுரையில் எழுதிவிடுவார்கள். இந்த நிலையம் எழுதவில்லை. அதற்குப் பதிலாக வாசலில், வாழையிலைக் கடையின் மீன் தலைக் கறி விளம்பரத்துக்கு மேலே, ஒரு பலகை மாட்டியிருந்தது: ‘கருந்துளை எப்படிப் பிறந்தது? கண்டுபிடித்துவிட்டோம்.’

தானே உள்ளே வைத்துவிட்டு, தானே போய்ப் பார்த்து, இருக்கிறது என்று கண்டுபிடித்திருந்தார்கள்.

சிவசம்பு ஒருவழியாக வடையை விழுங்கினார். “பிள்ளை, நீர் எவடம்?”

இரண்டு வருடமாக அவர் கேட்கும் கேள்விதான். “பண்டமாரான், டாக்டர்.”

“அப்பா?”

“போர்ட்ல டிரெய்லர் ஓட்டுறாரு.”

“ஓம். அப்பாட்டக் கேட்டுப் பாரும். கையை எடுத்தா லோரி எங்க போகுமெண்டு.”

“பிரபஞ்சத்துக்கு ஸ்டீயரிங் இல்ல டாக்டர்.”

சிவசம்பு கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு உண்மையிலேயே அவள்மேல் இரக்கம் வந்தது. “நான் கவர்மெண்ட் சர்வீஸில முப்பது வருஷம் இருந்தனான். ஒரு பைல் தன்ர பாட்டில மேல வந்ததை நான் கண்டதில்ல. ஒரு மனுசன் தன்ர பாட்டில மேல வந்ததையும் கண்டதில்ல. ஆரோ ஒராள் தூக்கி வைக்கவேணும். என்னை மாமா வைச்சவர். மாமாவை வெள்ளைக்காரன் வைச்சவன். கருந்துளை மட்டும் தானா வந்து குந்துமோ? விளங்குதோ?”

விளங்கியது. இந்த மனிதர் பொய் சொல்லவில்லை, மனதார நம்புகிறார் என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. பொய்யனாக இருந்திருந்தால் பேசிப் பார்த்திருக்கலாம்.

அவளுடைய முதுகலை ஆய்வேடு இந்த ஒரு கேள்வியில் தொங்கிக்கொண்டிருந்தது. கனமான தனிமங்கள் கலக்காத ஆதி வாயு எங்கே அடர்ந்து, தன் எடையைத் தாங்காமல் இடிந்து விழுகிறதோ அங்கே மட்டும் கருந்துளை பிறக்கட்டும், பிறக்காத இடம் காலியாகவே கிடக்கட்டும் என்று அவள் நிரலை மாற்றி எழுதியிருந்தாள். ஓட்டக் கணினி வேண்டும். ஓட்டியதை ஆய்வேடாக ஏற்க சிவசம்புவின் கையெழுத்து வேண்டும். அவள் வீட்டில் பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் ஆள் அவள்தான். அம்மா இராஜம்மா பாசாரில் கெம்போங் மீன் வாங்கும்போதுகூட, “எம் மக கருந்துளையில இருக்கா” என்று சொல்வாள். மீன்காரர் ஒருமுறை, “எந்த வார்டு?” என்று அக்கறையோடு விசாரித்திருக்கிறார்.

கோரிக்கை மறுக்கப்படவில்லை. இந்த நிலையத்தில் எதுவுமே மறுக்கப்படாது, பரிசீலிக்கப்படும். பரிசீலனைக் குழு கீழே வாழையிலைக் கடையில் கூடியது. குழுவில் சிவசம்பு, கனகேஸ்வரி, டத்தோ பட்டம் வாங்கிய புரவலர் கமலநாதனின் சார்பாக அந்த டத்தோவின் டிரைவர். ரசம் வந்த நேரத்தில் முடிவும் வந்தது. கனகேஸ்வரி அதைத் தட்டச்சு செய்து அவள் மேசையில் வைத்தார். கையை எடுக்கும் அனுமதியைக் கையை வைத்த குழுவிடமே பெற வேண்டும். கையை வைக்க எந்தக் குழுவும் கூடியதாகப் பதிவு இல்லை. ஆகவே கை வைக்கப்படவில்லை. வைக்கப்படாத கையை எடுக்கக் கோருவது ஒழுங்கீனம். எனினும் இளைய தலைமுறையை ஊக்குவிக்கும் நோக்கில், ஸ்டோர் ரூமில் இருக்கும் பழைய கணினியில், பயிற்சிக்காக மட்டும், மாணவி எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

“இதுவே பெருசு லா,” என்றார் கனகேஸ்வரி. “டிரைவர் ஒனக்காகப் பேசுனாரு.”

பெரிய கணினியை அவளால் தொட முடியாது. அது வந்து இறங்கிய அன்று ஐயரைக் கூப்பிட்டு, ராகு காலம் கழித்து, நான்கு சக்கரங்களுக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்துப் புது லோரியைப்போல முன்னால் உருட்டி நசுக்கியிருந்தார்கள். எலுமிச்சைச் சாறு தரையில் இருந்த ஒயருக்குள் இறங்கி, பிரபஞ்சம் ஒரு வாரம் தாமதமாகத் தோன்றியது.

பழைய கணினி ஸ்டோர் ரூமில் குத்துவிளக்குக்கும் போன தீபாவளி பேனருக்கும் நடுவில் இருந்தது. விசிறி லோரி இன்ஜின் மாதிரி சத்தம் போடும். அது அவளுக்குப் பழக்கமான சத்தம். அதே ஆரம்பப் பிரபஞ்சத்தை எடுத்தாள். கொஞ்சம் கரடுமுரடாக, ஆனால் அதே பெட்டி, அதே வாயு. கை வைக்கும் அந்த ஒரு வரியை அழித்தாள். தன் வரிகளைச் சேர்த்து ஓடவிட்டாள்.

வாரக்கணக்கில் ஓடியது. முடிவு வந்த மத்தியானம் அவள் சாப்பிடப் போகவில்லை.

பெட்டியின் நட்டநடுவில் ஒரு பெரிய மண்டலம் உண்டு. ஆக எடை கூடியது, ஆக அழகானது. நிலையம் அதற்கு ‘டத்தோ கமலநாதன் மண்டலம்’ என்று பெயர் வைத்து, படத்தைச் சட்டம் போட்டு, டத்தோவின் பிறந்தநாளுக்குக் கொடுத்திருந்தது. டத்தோ சத்துமாவிலிருந்து சவப்பெட்டிவரை விற்பவர். பிறந்தவனையும் போனவனையும் விடாதவர். அந்த மண்டலத்தின் நடுவில் ஒன்றுமே இல்லை. அவள் கிட்டப் போய்ப் பார்த்தாள், இன்னும் கிட்டப் போய்ப் பார்த்தாள். துடைத்து வைத்த மாதிரி காலி.

கருந்துளை பெட்டியின் ஓரத்தில் பிறந்திருந்தது. யாரும் பெயர் வைக்காத ஒரு சின்னத் திரளில், வாயு தன்பாட்டுக்கு இடிந்து விழுந்து, தன்பாட்டுக்கு ஒன்று உண்டாகி, பக்கத்தில் வந்ததை எல்லாம் தின்று கொழுத்துக்கொண்டிருந்தது. விஷ்ணுப்ரியா அதற்கு மனதுக்குள் பண்டமாரான் என்று பெயர் வைத்தாள். இந்த ஒரு ஓட்டத்தை வைத்து எதையும் நிரூபித்துவிட்டதாக அவள் நினைக்கவில்லை. ஆனால் எதுவும் வைக்காமலே ஒன்று வந்திருக்கிறது. அது எங்கிருந்து வந்தது என்று இனிமேல் கேட்கலாம். கேட்டால் பதில் சொல்லும்.

சிவசம்பு திரையைப் பார்த்தார். “டத்தோவுக்கு நடு காலியோ?”

“காலி, டாக்டர்.”

“அந்த ஓரத்தில கிடக்கிறதை இழுத்து நடுவில வையும்.”

“அது வேற மண்டலம் டாக்டர். ஒளி போறதுக்கே லட்சக்கணக்கான வருசம் ஆகும்.”

“டிரான்ஸ்பர் போடேக்க ஆரும் தூரம் பாக்கிறதில்ல பிள்ளை. என்னை ஒருநாளில கோத்தா பாருவுக்குப் போட்டவை.”

இழுத்து நடுவில் வைப்பதில் நிலையத்துக்கு அனுபவம் உண்டு. நிரலில் அதற்கும் ஒரு வரி இருந்தது. வைத்த கருந்துளை லேசாக நகர்ந்தால்கூட, ஒவ்வொரு அடியிலும் அதைப் பிடித்து மையத்தில் திரும்பப் போட்டுவிடும். டத்தோவுக்கு இந்த வேலையைக் கனகேஸ்வரி செய்தார். டத்தோவுக்கு விழாக்களில் ஒரு இடத்தில் நிற்க வராது. பலகாரம் இருக்கும் பக்கமாக மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டே இருப்பார். கனகேஸ்வரி பின்னாலேயே போய், முழங்கையில் இரண்டு விரலை வைத்து, “டத்தோ, சென்டர்” என்பார். டத்தோ வாயில் பஜ்ஜியோடு மையத்துக்கு வருவார். நிலையம் ஆரம்பித்த நாளிலிருந்து எந்தப் புகைப்படத்திலும் அவர் ஓரத்தில் இல்லை.

டத்தோவுக்கு நடு காலி என்ற செய்தி வெளியே போகாமல் இருக்க, ஒரு பெரிய விழா எடுப்பது என்று முடிவானது. பெயர்: ‘முதல் கருந்துளையின் திறப்பு விழா.’

“கிமிக் என்ன?” என்பதுதான் முதல் கூட்டத்தின் முதல் கேள்வி. இந்த நாட்டில் கிமிக் என்கிற திறப்பு வித்தை இல்லாமல் கழிவறைகூடத் திறக்கப்படுவதில்லை. பலூன் வெடிக்கலாமா, கோங் அடிக்கலாமா என்று யோசித்துக் கடைசியில் கண்ணாடிப் பந்து என்று தீர்ந்தது. டத்தோ பந்தின்மேல் உள்ளங்கையை வைப்பார். பந்து ஊதா நிறத்தில் எரியும். திரையில் டத்தோ மண்டலத்தின் நடுவில், பெரிய கணினியில் செய்த படத்தில், கருந்துளை பிறக்கும்.

ஒத்திகையில் விஷ்ணுப்ரியா பந்தைத் தூக்கிப் பார்த்தாள். “இதுலேருந்து கம்ப்யூட்டருக்கு ஒயரே இல்லியேக்கா.”

“பந்து போட்டோவுக்கு,” என்றார் கனகேஸ்வரி. “நீ திரைக்குப் பின்னால லேப்டாப்போட உக்காந்திரு. டத்தோ கை பட்டதும் எண்டர் தட்டு.”

“அப்ப கை வைக்கிறது நானு.”

“அப்படியெல்லாம் பேசாத.” கனகேஸ்வரி சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். அவர் கெட்டவர் இல்லை. அந்த இடத்தில் ஒழுங்காக வேலை செய்த ஒரே ஆள் அவர்தான், அதனால்தான் அந்த இடம் இன்னும் இடிந்து விழவில்லை. “நான் பேசி வச்சிருக்கேன். தீசிஸ்லேருந்து அந்த ஓரத்துக் கருந்துளை அத்தியாயத்த எடுத்துரு. விழாவுல மேடையிலேயே ஒன் தீசிஸ்ல டாக்டர் கையெழுத்துப் போடுறாரு. டத்தோ பி.எச்டி. எடமும் தராரு, சம்பளத்தோட. ஒரு எண்டர், அவ்ளோதான். தட்டிட்டு வாங்கிட்டுப் போயிரு. வீட்ல மொத ஆளு நீ.”

“சரிக்கா,” என்றாள் விஷ்ணுப்ரியா. கனகேஸ்வரி அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

விழா அன்று அவள் காலையிலேயே நிலையத்துக்குப் போய் மேசையில் இருந்த தன் கோப்பையையும் செருப்பையும் பையில் போட்டுக்கொண்டு மண்டபத்துக்கு வந்தாள். “மேடைப் பக்கம் என்ன இவ்ளோ பெரிய பை,” என்று கனகேஸ்வரி கடிந்துகொண்டார். அப்பா நாகையா கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயில் பிடித்து, சொந்தக்காரர் கல்யாணத்துக்கு எடுத்த சட்டையில் வந்திருந்தார். அம்மாவுக்கு லீவு கிடைக்கவில்லை. நாகையாவை முதலில் மூன்றாம் வரிசையில் உட்காரவைத்தார்கள். டத்தோவின் நண்பர்கள் வர வர ஐந்தாம் வரிசைக்கும், அங்கிருந்து கதவோரத்துக்கும் மாற்றினார்கள். பிறகு கனகேஸ்வரி நிகழ்ச்சி நிரலைப் பார்த்துவிட்டு ஓடிவந்து அவரை முதல் வரிசைக்கு இழுத்துப்போனார். எல்லோருக்கும் கொடுத்ததைப்போல அவர் கையிலும் ஒரு கறுப்பு ரப்பர் பந்து இருந்தது. அது அன்பளிப்புக் கருந்துளை. அமுக்கினால் கீச்சென்று கத்தும்.

குத்துவிளக்கு ஏற்றினார்கள். வந்திருந்தவர்களை எல்லாம் பட்டங்களோடு விளித்தார்கள். வராதவர்களை வந்ததாகவே விளித்தார்கள். பொன்னாடைகள் போர்த்தப்பட்டன. பொன்னாடை தீர்ந்தபோது முதலில் போர்த்தியவரிடமிருந்து எடுத்துக் கடைசி ஆளுக்குப் போர்த்தினார்கள். பிறகு சிவசம்பு ஒலிவாங்கியைப் பிடித்தார். மேடையில் அவருக்கு வேறு தமிழ்.

“பெரியோர்களே. ஆராய்ச்சி என்றால் என்ன? எதையும் அதற்குரிய இடத்தில் வைப்பது. கருந்துளை எங்கிருந்து வந்தது என்று வெளிநாட்டில் மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்கிறார்கள். நாங்கள் உடைக்கவில்லை. எங்களுக்கு டத்தோ இருக்கிறார்.” கைதட்டல். “இதோ, எங்கள் மாணவி விஷ்ணுப்ரியா. திரைக்குப் பின்னால் இருக்கிறாள். அவள் எங்கிருந்து வந்தாள்? ஒன்றுமில்லாத ஓர் இடத்திலிருந்து வந்தாள். அவளுடைய தகப்பனார் இங்கேதான் இருக்கிறார். ஐயா, எழுந்து நில்லுங்கள், எல்லோரும் பார்க்கட்டும்.”

ஒன்றுமில்லாத இடம் கல்யாணச் சட்டையோடு எழுந்து நின்றது.

“பாருங்கள். லோரி ஓட்டுபவர். இவர் வீட்டில் இப்படி ஒரு பிள்ளை தானாக வர முடியுமா? முடியாது. விஞ்ஞானமே அனுமதிக்காது. நாங்கள்தான் தூக்கி வைத்தோம். எல்லாவற்றுக்கும் ஒரு கை வேண்டும். அந்தக் கை, டத்தோவின் கை.”

மண்டபம் அதிரத் தட்டினார்கள். சிலர் ரப்பர் பந்துகளை அமுக்கினார்கள், அவை கத்தின. நாகையாவை யாரும் உட்காரச் சொல்லவில்லை. அதனால் அவர் நின்றுகொண்டே இருந்தார். திரையின் இடுக்கு வழியாக விஷ்ணுப்ரியாவுக்கு அவருடைய முகம் தெரிந்தது. விடியலுக்கு முன்னே எழுந்து, போர்ட் கேட்டில் வரிசையில் நின்று, அவளுடைய பள்ளி பஸ்ஸுக்கும் டியூசனுக்கும் கொமுட்டருக்கும் ஓட்டிய ஆள், தன் மகளைத் தூக்கி வைத்தவர்களுக்குச் சேர்ந்து கைதட்டலாமா கூடாதா என்று தெரியாமல் பந்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

டத்தோ பலகாரப் பக்கத்திலிருந்து மீட்கப்பட்டு மையத்துக்குக் கொண்டுவரப்பட்டார். கூட்டம் மலாயில் ஐந்திலிருந்து கீழ்நோக்கி எண்ணியது. “லீமா, எம்பாட், தீகா, டுவா, சத்து.”

உள்ளங்கை பந்தின்மேல் இறங்கியது. பந்து ஊதாவாக எரிந்தது.

விஷ்ணுப்ரியா விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள். எடுத்த கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள். அவள் கேட்ட சோதனை இதுதான்.

திரை இருட்டாக இருந்தது. டத்தோ கையை அழுத்தினார். திரை இருட்டாகவே இருந்தது. டத்தோ இன்னொரு கையையும் வைத்தார்.

சிவசம்புவின் முகத்தில் ஒரு பரவசம் வந்தது.

“பாருங்கள்,” என்றார் திரையைக் காட்டி. “வெளிச்சம்கூடத் தப்ப முடியாத அந்தக் கருமையைப் பாருங்கள். கருந்துளை பிறந்துவிட்டது.”

மண்டபம் எழுந்து நின்று தட்டியது. தொலைபேசிகள் உயர்ந்து ஒன்றுமில்லாத திரையைப் படம் எடுத்தன. “என்னா தெளிவு,” என்று ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். டத்தோ கண்ணைத் துடைத்துக்கொண்டு, “என்னை மாதிரியே இருக்கு” என்றார்.

கனகேஸ்வரி திரைக்குப் பின்னால் ஓடிவந்தார். “கேபிள் போச்சா?”

“இல்லக்கா. நான் தட்டல.”

கனகேஸ்வரி அவளைப் பார்த்தார். இடுக்கு வழியாகக் கூட்டத்தைப் பார்த்தார். முகத்தில் கோபமே வரவில்லை, அலுப்புதான் வந்தது. “சரி, விடு. யாருக்கும் தெரியல. மேடைக்கு வா, பேனாவத் தொறந்து வச்சிட்டு நிக்கிறாரு. நீ டத்தோவுக்குப் பக்கத்துல நிக்கணும், நடுவுல.”

அவ்வளவுதான். தண்டனை இல்லை. அவள் தட்டினாலும் தட்டாவிட்டாலும் கையெழுத்து தயாராக இருந்தது. அத்தியாயத்தை மட்டும் விட்டுக்கொடுத்தால் போதும். போய் நின்றால் பட்டம், சம்பளம், பாசாரில் அம்மாவுக்குச் சொல்ல ஒரு பேச்சு.

விஷ்ணுப்ரியா லேப்டாப்பை மூடி கனகேஸ்வரியின் கையில் கொடுத்தாள். “காலையில டிரெயின்லயே அந்த ஓரத்து ரிசல்ட்ட எம் பேர்ல வெளிய போட்டுட்டேன்க்கா. கோட், ஓட்டம், எல்லாம். யார் வேணும்னாலும் ஓட்டிப் பாக்கலாம். தப்புன்னா தப்புன்னு சொல்லட்டும்.”

“கையெழுத்து?”

“அத டத்தோவுக்குப் போட்டுக் குடுங்க.”

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மேடையின் பக்கப் படிகளில் இறங்கி முதல் வரிசைக்கு வந்தாள். நாகையா இன்னும் நின்றுகொண்டிருந்தார்.

“வாங்கப்பா, போலாம்.”

“சாப்பாடு இருக்குன்னாங்களே.”

“வெளிய சாப்டுக்கலாம்.”

அவர் அவளுடைய பையைப் பார்த்தார். அதன் வாயில் கோப்பையின் காது வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ரப்பர் பந்தை நாற்காலியில் வைத்தார். அது மெல்லக் கீச்சிட்டது.

பின்னால் ஒலிவாங்கியில் கனகேஸ்வரியின் குரல் கேட்டது. “டத்தோ, சென்டர்.” நடுவில் ஒரு ஆள் இடம் காலியாக இருப்பதாகப் படக்காரர் சொன்னார். கொஞ்சம் நெருங்கி நின்றார்கள். சரியாகிவிட்டது.

வெளியே துன் சம்பந்தன் சாலையில் வெயில் கொளுத்தியது. அப்பா அரை அடி பின்னால் நடந்து வந்தார்.

“இனிமே வேற எடமா?”

“வேற எடம்.”

“மறுபடி மொதல்லேருந்தாம்மா?”

“மொதல்லேருந்து,” என்றாள் விஷ்ணுப்ரியா, சாலையைக் கடக்க இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே.